அடைப்புக்குறி போட்ட ஈ

ஒரு புதைபடிவ ஈயின் முழுப்பெயரை இப்படி எழுதுகிறார்கள்: கிளாசினா ஆலிகோசீனா (ஸ்கட்டர், 1892). முதல் சொல் பேரினம், அடுத்தது சிற்றினம், கடைசியில் பெயர் வைத்தவரும் வைத்த ஆண்டும். இவ்வளவும் பள்ளிக்கூட விலங்கியல்தான். ஆனால் அந்த அடைப்புக்குறியை அநேகமாக யாரும் கவனிப்பதில்லை. அச்சுக்கோர்ப்பவர் அழகுக்காகப் போட்டதல்ல அது. விலங்குகளுக்குப் பெயர் சூட்டும் பன்னாட்டு விதிகளில் அதற்கென்றே ஒரு விதி இருக்கிறது. "இந்த உயிருக்கு முதலில் பெயர் வைத்தவர் இவர்தான், ஆனால் அன்று இவர் குடியேற்றிய வீடு வேறு" என்பது அதன் பொருள். பெரும்பாலான உயிர்களுக்கு இது வெறும் வீடு மாற்றம். நம் ஈயின் விஷயத்தில், ஆளையே மாற்றிப் புரிந்துகொண்ட கதை.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், பைக்ஸ் பீக் சிகரத்துக்கு மேற்கே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,500 மீட்டர் உயரத்தில் ஃப்ளோரிசன்ட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. சுமார் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே தென்மேற்கில் எரிமலைகள் பொங்கிக்கொண்டிருந்தன. சேறும் சாம்பலும் கலந்து உருண்டுவந்த குழம்பு ஒரு பள்ளத்தாக்கின் ஓடையை அடைத்தது. தண்ணீர் தேங்கி நீண்டு குறுகிய ஏரியானது. சுற்றிலும் பிரம்மாண்டமான செம்மரங்கள் நின்றன. நம் ஆந்திர எல்லைச் செம்மரமல்ல, கலிபோர்னியாவில் வானைத் தொட நிற்கும் ரெட்வுட் மரத்தின் உறவு. அவற்றின் அடிமரங்கள் கல்லாகி இன்றும் அங்கே நிற்கின்றன.

அந்த ஏரி பூச்சிகளைப் பத்திரப்படுத்திய விதம் வேடிக்கையானது. எரிமலைச் சாம்பலிலிருந்து சிலிக்கா கரைந்து தண்ணீரில் கலந்தது. கண்ணாடி ஓடு கட்டிக்கொள்ளும் டயாட்டம் என்ற நுண்பாசிகளுக்கு அதுதான் வேண்டும். அவை பெருகி, வழுவழுப்பான படலமாகத் தண்ணீரில் மிதந்தன. விழுந்த ஈயும் எறும்பும் இலையும் அதில் ஒட்டி, படலத்தோடு சேர்ந்து அடியில் படிந்தன. மேலே ஒரு வரி சாம்பல், ஒரு வரி களிமண், மறுபடி டயாட்டம். தாள்மேல் தாளாக அடுக்கிய அந்தக் கல்லை இன்றைக்குக் கத்தியை நுழைத்துப் பிளந்தால் பழைய நோட்டுப் புத்தகம் மாதிரி திறக்கிறது. ஈ இருந்தால் இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. மூடியிருந்த புத்தகத்தில் மை ஒட்டியதுபோல, சிறகின் நரம்புகூடத் தெரியும். இதுவரை அங்கிருந்து 1,500க்கும் மேற்பட்ட பூச்சிச் சிற்றினங்கள் விவரிக்கப்பட்டிருக்கின்றன.

1870களில் அந்தப் பள்ளத்தாக்கில் நிலம் பிடித்துக் குடியேறியவர்களில் சார்லட் ஹில் என்ற பெண்மணி ஒருவர். கல்லான அடிமரங்கள் அவருடைய நிலத்திலேயே இருந்தன. குடும்பம், பிள்ளைகள், பண்ணை வேலை என எல்லாவற்றுக்கும் நடுவே புதைபடிவங்களைப் பொறுக்கிச் சேர்த்தார். சிறகின் புள்ளி வரை தெளிவாகத் தெரியும் ஒரு வண்ணத்துப்பூச்சி அவர் கண்டெடுத்ததுதான். ஒரு புதைபடிவ ரோஜாவுக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். ஆய்வாளர் கூட்டம் ஃப்ளோரிசன்ட்டுக்கு வந்து இறங்கியதில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு.

வந்தவர்களில் முக்கியமானவர் சாமுவேல் ஹப்பர்ட் ஸ்கட்டர். பாஸ்டன்காரர். 1877இல் இங்கே வந்து கல் பிளந்தார். வண்ணத்துப்பூச்சியிலும் வெட்டுக்கிளியிலும் கரைகண்டவர், அமெரிக்கப் புதைபடிவப் பூச்சியியலுக்கே அடித்தளம் போட்டவர். இந்தக் கதைக்கு அதைவிட முக்கியமான ஒரு வேலையும் அவர் செய்திருந்தார். உலகில் அதுவரை விலங்குகளுக்கு வைக்கப்பட்ட பேரினப் பெயர்களையெல்லாம் திரட்டி, சுமார் 80,000 பெயர்கள் கொண்ட ஓர் அகராதியை 1882 முதல் 1884 வரை வெளியிட்டார். ஒரே பெயரை இரண்டு உயிர்களுக்கு வைத்துவிடக் கூடாதே என்ற கவலையில் பிறந்த நூல் அது. பெயர்களின் கணக்குப்பிள்ளை என்று அவரைச் சொல்லலாம்.

அந்தக் கணக்குப்பிள்ளை 1892இல், அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறை வெளியீடு ஒன்றில், ஃப்ளோரிசன்ட்டின் ஈ ஒன்றை விவரித்தார். கனத்த உடம்பு கொண்ட ஈ. இன்று வாழும் எந்தப் பேரினத்திலும் சேராது என்று கருதி, புதிதாகவே ஒரு பேரினம் உண்டாக்கினார்: பேலியோஈஸ்ட்ரஸ். 'பேலியோ' என்றால் தொன்மையான. 'ஈஸ்ட்ரஸ்' ஆடு வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த ஈ. ஆட்டின் மூக்கில் புழு வைத்துவிட்டுப் போகுமே, ஆடு தும்மித் தும்மித் தலையை உதறுமே, அதே ஈதான். சிற்றினத்துக்கு ஆலிகோசீனஸ் என்று வைத்தார், ஆலிகோசீன் காலத்தது என்பதால். இரண்டையும் சேர்த்துப் படித்தால் 'ஆலிகோசீன் காலத்துத் தொல் மூக்குப்புழு ஈ' என்று வரும்.

('ஈஸ்ட்ரஸ்' என்பதன் மூலச்சொல் கிரேக்கத்தில் மாட்டைக் கடித்து வெறிபிடித்து ஓடவைக்கும் ஈயைக் குறித்தது. பிறகு அந்த வெறியையே குறித்தது. மருத்துவர்கள் அதை எடுத்து ஒரு ஹார்மோனுக்கு வைத்தார்கள். ஈஸ்ட்ரோஜன் என்ற சொல்லுக்குள் ஒரு மாட்டு ஈ உட்கார்ந்திருக்கிறது.)

பெயரில் இரண்டு சொற்கள். இரண்டும் தவறு.

ஸ்கட்டரைக் குறைசொல்வது சுலபம். ஆனால் 1892இல் அவர் நின்ற இடத்தில் நின்று பார்க்க வேண்டும். மூக்குப்புழு ஈ வளர்ந்த பிறகு சாப்பிடுவதில்லை. வாய் என்று சொல்லும்படி ஒன்றுமே அதற்கு இருக்காது. கல்லில் நசுங்கிய தடித்த ஈ ஒன்றில் வாயுறுப்பு தெளிவாகத் தெரியாவிட்டால், 'வாயில்லாத தடித்த ஈ' என்ற எண்ணம் வருவது இயல்பு. அந்த இடத்தில் அவர் நினைத்திருக்க வேண்டிய ஈயோ ஆப்பிரிக்காவில் இருந்தது. கொலராடோ மலையில் உட்கார்ந்து ஆப்பிரிக்க ஈயை யார் நினைப்பார்?

செட்சி ஈயைச் சொல்கிறேன். 'செட்சி' என்பது தென் ஆப்பிரிக்காவின் ட்ஸ்வானா மொழிச் சொல். பொருள் வேறொன்றுமில்லை, ஈ என்பதுதான். ஆக, செட்சி ஈ என்றால் 'ஈ ஈ'. நடு சென்டர், கேட்டு வாசல் வகையறா. ஐரோப்பியர்கள் அறிந்து அதற்கு விலங்கியல் பெயர் சூட்டியது 1830இல். ஜெர்மானியரான வீடமன் அதன் நீட்டிய வாயைப் பார்த்து, நாக்கு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'கிளாசினா' என்று வைத்தார். டேவிட் லிவிங்ஸ்டன் 1857இல் வெளியிட்ட ஆப்பிரிக்கப் பயண நூலின் முகப்புப் பக்கத்தில் இந்த ஈயின் படத்தைப் போட்டார். மாடும் குதிரையும் இதன் கடியால் கூட்டம் கூட்டமாகச் சாவதைப் பயணிகள் கண்டிருந்தார்கள். ஏன் என்று மட்டும் தெரியவில்லை. ஈக்கே விஷம் உண்டு என்று நம்பினார்கள்.

1895இல் ஜூலுலாந்தில் டேவிட் புரூஸ் என்ற ராணுவ மருத்துவர், விஷமில்லை, ஈ சுமந்துவரும் டிரிபனசோமா என்ற ஒரு செல் கிருமிதான் கால்நடைகளைக் கொல்கிறது என்று காட்டினார். அடுத்த சில ஆண்டுகளில் உகாண்டாவில் தூக்க நோய் கொள்ளை கொண்டுபோனது. விக்டோரியா ஏரிக்கரையில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 1903இல் அந்த நோயையும் செட்சி ஈதான் பரப்புகிறது என்பது தெளிவாயிற்று. அதே 1903இல், லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆஸ்டன், செட்சி ஈக்களைப் பற்றி மட்டுமே ஒரு முழு நூல் எழுதி வெளியிட்டார்.

ஸ்கட்டர் பெயர் வைத்தபோது செட்சி ஆப்பிரிக்கப் பயணிகளின் ஈயாக இருந்தது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் உலகப் பத்திரிகைகளின் ஈயாகிவிட்டது. கொலராடோக் கல்லில் அதை அடையாளம் கண்டதற்குக் கூர்மையான கண் மட்டும் காரணமில்லை, அந்த இடைக்காலச் செய்திகளும் காரணம் என்பது என் எண்ணம். தெரிந்த முகத்தைத்தானே கூட்டத்தில் கண்டுபிடிக்க முடியும்?

அடையாளம் கண்டவர் தியடோர் காக்கரெல். லண்டனில் 1866இல் பிறந்தவர். இளம் வயதிலேயே காசநோய். அன்றைக்கு அதற்கு மருந்து மலைக்காற்றுதான். 1887இல் கப்பலேறி கொலராடோவுக்கு வந்தார். மூன்று ஆண்டு மலையில் இருந்து தேறி, ஊர் திரும்பி, ஜமைக்காவில் அருங்காட்சியக வேலை பார்த்து, நியூ மெக்சிகோ போய், கடைசியில் மீண்டும் கொலராடோவுக்கே வந்து பல்கலைக்கழகப் பேராசிரியரானார். சாவார் என்று நினைத்த மனிதர் 1948 வரை வாழ்ந்தார். இடைப்பட்ட காலத்தில் அவர் பெயர் வைத்த வேகம் அசாத்தியமானது. தேனீக்களில் மட்டும் 5,000க்கு மேல். அது போக செதில்பூச்சி, நத்தை, மீன், செடி. மனைவி வில்மாட்டும் உயிரியல்காரர். 1910இல் வீட்டருகே சாலையோரத்தில் பூத்திருந்த செந்நிறச் சூரியகாந்தியைக் கண்டு, அதிலிருந்து தோட்டத்துக்கான சிவப்புச் சூரியகாந்தி வகைகளை உருவாக்கியவர்கள் இந்தத் தம்பதி. இருவரும் 1906 முதல் சில கோடைகளை ஃப்ளோரிசன்ட்டில் கல் பிளந்து கழித்தார்கள்.

1907இல் 'நேச்சர்' இதழில் காக்கரெல் ஒரு சிறு குறிப்பு எழுதினார். தலைப்பே சேதி: கொலராடோவில் ஒரு புதைபடிவச் செட்சி ஈ.

எப்படி அவ்வளவு உறுதி? ஈக்களின் உலகில் சிறகுதான் ரேகை. நிறம் போய்விடும், மயிர் உதிரும், உடம்பு நசுங்கும். சிறகின் நரம்புக் கோலம் மட்டும் கல்லில் கோடு கோடாக நிற்கும். நரம்புகளுக்கு இடையே அடைபட்ட பரப்பை 'அறை' என்பார்கள். செட்சி ஈயின் சிறகின் நடுவே ஓர் அறை உண்டு. ஒரு நரம்பு திடீரென்று வளைந்து அதை விநோதமான வடிவத்தில் அடைத்திருக்கும். பூச்சியியலார் அதைக் கைக்கோடரி அறை என்கிறார்கள். எனக்கு அது கறிக்கடையில் எலும்பு வெட்டும் கத்தியாகத்தான் தெரிகிறது: ஒரு பக்கம் ஒடுங்கிய கைப்பிடி, மறுபக்கம் அகன்ற அலகு. இன்று வாழும் ஈக்களில் இந்தக் கத்தி செட்சியைத் தவிர வேறெதற்கும் கிடையாது. ஃப்ளோரிசன்ட் கல்லில் அது இருந்தது. ஸ்கட்டரின் தொல் மூக்குப்புழு ஈயும் செட்சிதான் என்று ஆயிற்று.

இனி நடந்தது சட்ட நடவடிக்கை. கிளாசினா 1830இல் பிறந்த பெயர், பேலியோஈஸ்ட்ரஸ் 1892. மூத்தது இருக்க இளையது நிற்காது. 80,000 பேரினப் பெயர்களைக் கட்டிக்காத்தவர் தாமே உருவாக்கிய ஒரு பேரினப் பெயர், செல்லாக் காசாகப் பட்டியலின் ஓரத்துக்குப் போனது.

சிற்றினப் பெயர் போகவில்லை. ஓர் உயிரை முதலில் விவரித்து முறைப்படி பெயர் சூட்டியவரின் சொல், பேரினம் எத்தனை முறை மாறினாலும் கூடவே வரும். இலக்கணம் மட்டும் மாறும். லத்தீனில் அடைமொழி பெயரின் பாலுக்கு இசைய வேண்டும். தமிழில் நல்ல பையன், நல்ல பெண் என்று அடைமொழி யாருக்கும் வளையாமல் நிற்கிறது. லத்தீனில் அந்தச் சுதந்திரம் கிடையாது. ஈஸ்ட்ரஸ் ஆண்பால், அதனால் ஆலிகோசீனஸ். கிளாசினா பெண்பால், அதனால் ஆலிகோசீனா. 3.4 கோடி வருஷம் கல்லுக்குள் கிடந்த ஈ, ஒரு விகுதி மாற்றத்தில் பெண்ணாகிவிட்டது, இலக்கணத்தில் மட்டும். செட்சியில் ஆண், பெண் இரண்டுமே ரத்தம் குடிக்கும் என்பதால் கடிபட்டவருக்கு வித்தியாசம் ஒன்றுமில்லை.

கொலராடோவில் செட்சி என்ற சேதியில் மிகவும் மனம் குளிர்ந்திருக்கக்கூடியவர் நியூயார்க்கில் இருந்தார். ஹென்றி ஃபேர்ஃபீல்டு ஆஸ்பார்ன். 1905இல் டைரனோசாரஸ் ரெக்ஸுக்குப் பெயர் வைத்தவர். 1906இல் அவர் பாலூட்டிகள் அழிந்ததற்கான காரணங்களைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதியிருந்தார். வட அமெரிக்காவில் எத்தனையோ பெரிய விலங்குகள் சுவடில்லாமல் போயிருக்கின்றன. குதிரை அங்கேதான் தோன்றி வளர்ந்தது, அங்கேயே அற்றும் போனது. பின்னாளில் ஸ்பானியர் கொண்டுவந்து இறக்கியபோது அதே மண்ணில் செழித்தது. மேய்ச்சலும் தண்ணீரும் குறைவில்லாத நாட்டில் எது கொன்றிருக்கும்? பூச்சிகள் பரப்பிய நோயும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று செட்சியை உதாரணம் காட்டி அவர் எழுதினார். மறு வருஷமே கல்லிலிருந்து செட்சி வந்தது. ஊகம் சொன்னவருக்கு இப்படிச் சாட்சி வாய்ப்பது அபூர்வம். ஃப்ளோரிசன்ட்டில் இரண்டாவதாக ஒரு செட்சிச் சிற்றினத்தை விவரித்தபோது, 1909இல், காக்கரெல் அதற்கு கிளாசினா ஆஸ்பார்னை என்று வைத்தார். கொடுங்கோல் பல்லிக்குப் பெயர் கொடுத்தவர் தம் பெயரை ஓர் ஈக்குக் கொடுத்தார்.

சாட்சி வந்தது சரி, வழக்கு நிற்கவில்லை. குதிரைகள் வட அமெரிக்காவில் அழிந்தது சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்புதான். இந்த ஈ அதற்குப் பல கோடி ஆண்டு மூத்தது. அதைவிட அடிப்படையான சிக்கலும் உண்டு. கல்லில் சிறகு பதியும், ஈயின் வயிற்றில் கிருமி இருந்ததா என்பது பதியாது. செட்சி தன்னளவில் நோயல்ல, நோயைச் சுமக்கும் வண்டி. வண்டி கிடைத்ததை வைத்துச் சரக்கு இன்னதென்று சொல்ல முடியாது. ஆனாலும் விதிப்படி ஆஸ்பார்னை என்ற பெயர் நிலைத்துவிட்டது.

இந்த ஈ தந்த உண்மையான சேதி வேறு. இன்று செட்சிச் சிற்றினங்கள் சுமார் முப்பது. சகாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்காவிலும், அரேபியாவின் தென்மேற்கு மூலையில் ஒரு துளி இடத்திலும்தான் வாழ்கின்றன. முட்டையிட்டுப் பறந்துபோகும் ஜாதியல்ல. ஒரு சமயத்தில் ஒரே புழுவை வயிற்றுக்குள் வைத்துப் பால் போன்ற சுரப்பூட்டி வளர்த்து ஈனும், ஆயுளில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே. இத்தனை மெதுவாகப் பெருகுகிற, இத்தனை சின்ன வட்டத்துக்குள் வாழ்கிற ஈயைப் பார்த்தால், அது ஆப்பிரிக்க மண்ணிலேயே பிறந்து அங்கேயே வளர்ந்தது என்றுதான் தோன்றும். ஃப்ளோரிசன்ட் கல் அதை மறுத்தது. பின்னாளில் ஜெர்மனியின் பழைய ஏரிப் படிவுகளிலும் செட்சி கிடைத்தது. ஒரு காலத்தில் உலகின் வடபாதியில் பரவியிருந்த குடும்பம், பூமி குளிர்ந்த நெடும் காலத்தில் மற்ற இடங்களையெல்லாம் விட்டு ஒரு கண்டத்தில் மிஞ்சியிருக்கிறது. இன்று வாழும் இடத்தை வைத்துப் பிறந்த ஊரைச் சொல்லிவிட முடியாது என்பதற்கு உயிர்ப் பரவலைப் படிப்பவர்கள் இன்றும் எடுத்துக்காட்டுவது இந்தக் கொலராடோ ஈயைத்தான்.

இரண்டாவது தவறு பாக்கி இருக்கிறது: 'ஆலிகோசீனா'.

ஸ்கட்டர் அந்தப் படிவை ஆலிகோசீன் என்றார். காக்கரெல் அதை ஒத்துக்கொள்ளவில்லை. இன்னும் இளையது, மயோசீன் என்பது அவர் கட்சி. 1908இல் ஃப்ளோரிசன்ட்டைப் பற்றி எழுதிய கட்டுரைக்கே 'மயோசீன் பாம்பேய்' என்றுதான் தலைப்பு. அப்படி நம்பியவர், ஒவ்வொரு முறை இந்த ஈயைக் குறிப்பிடும்போதும் 'ஆலிகோசீனா' என்றே எழுத வேண்டியிருந்தது. அப்போது அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்ப்பதுண்டு. பிறகு எரிமலைச் சாம்பலின் படிகங்களை வைத்து வயதைக் கணக்கிடும் முறை வந்தது. விடை 3.4 கோடி ஆண்டுகளும் கொஞ்சமும். இயோசீனுக்கும் ஆலிகோசீனுக்கும் நடுவிலான எல்லையை இப்போது 3.39 கோடி ஆண்டில் வைத்திருக்கிறார்கள். அதாவது ஈ செத்தது இயோசீன் காலத்தின் கடைசி நாட்களில். பூமிக்கணக்கில் சொன்னால் நள்ளிரவுக்குச் சில நிமிடம் முன்பு பிறந்த குழந்தைக்கு மறுநாள் தேதி போட்டுவிட்டார்கள். ஸ்கட்டரும் தவறு, காக்கரெலும் தவறு, ஆனால் ஸ்கட்டர் கிட்டத்தில் வந்து தவறினார்.

இதைத் திருத்தலாமா என்றால், கூடாது. பொருள் பொருந்தவில்லை என்ற காரணத்துக்காக ஒரு பெயரைத் தள்ள முடியாது என்று விதி வெளிப்படையாகவே சொல்கிறது. கேட்கக் கிறுக்குத்தனமாக இருக்கும். ஆனால் நம் ஊர்களில் புதுத்தெரு என்ற பெயரில் இருக்கும் தெரு பெரும்பாலும் நூறு வயது தாண்டியது. கடிதம் சரியாகத்தான் போய்ச் சேருகிறது. தெருவுக்கு வயதாகிவிட்டது என்று ஆண்டுதோறும் பெயரை மாற்றிக்கொண்டிருந்தால்தான் தபால்காரர் திண்டாடுவார். 1892இல் விவரித்த அதே கல், அதே ஈ என்று நூறாண்டு கழித்து ஒருவர் தேடிப்போக வேண்டுமானால், சொல் அசையாமல் இருக்க வேண்டும்.

அந்தக் கற்களே அசைக்கப்படவிருந்த சமயமும் வந்தது. 1960களின் கடைசியில் பள்ளத்தாக்கின் ஒரு பகுதியில் வீட்டுமனை போட புல்டோசர் தயாராக நின்றது. விஞ்ஞானிகளும் உள்ளூர்க்காரர்களும் நீதிமன்றம் போனார்கள். 1969 ஆகஸ்டில் அரசு அதைத் தேசிய நினைவிடமாக்கியது.

ஃப்ளோரிசன்ட்டில் இப்போது நான்கு செட்சிச் சிற்றினங்கள் பெயர் பெற்றிருக்கின்றன. காக்கரெல் வைத்த மூன்றுக்குப் பின்னால் அவர் பெயர் அடைப்புக்குறி இல்லாமல் நிற்கிறது, தொடக்கத்திலேயே சரியான பேரினத்தில் வைத்தார் என்பதால். நான்காவதான ஆலிகோசீனாவின் பின்னால் ஸ்கட்டர், அடைப்புக்குறிக்குள். அதைச் சரியான வீட்டுக்கு மாற்றியவருக்கு அந்த வரியில் இடமில்லை. தாவரவியலில் திருத்தியவர் பெயரையும் சேர்த்து எழுதுவார்கள். விலங்கியலில் அந்த வழக்கம் கிடையாது. காக்கரெல் அந்த இரண்டு வளைகோடுகளாக மட்டும் அங்கே இருக்கிறார்.